சாப்பிட்டுப் போங்க

அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. மரியாதை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது பயம். கோயமுத்தூரைச் சுற்றி ஒரு கார் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த நாங்கள் ஏழு பட்டறைக்காரர்களும் இன்று வரை அவரை 'அவர்' என்றுதான் சொல்கிறோம். "அவரு வந்தாருங்களா?" என்றால் எந்த அவர் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கம்பெனியின் தர ஆய்வாளர் அவர். மாதம் ஒரு முறை பட்டறை பட்டறையாக வருவார். நாங்கள் செய்யும் சாமானை அளந்து பார்த்து, சரி என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு லாரி ஏறும். எங்களுடையது கதவுக் கீல் பின். ஒரு விரல் நீளம், பென்சில் கனம். கார்க் கதவைத் திறந்து மூடுகிறீர்களே, அது அந்தப் பின்னைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புகிறது. பீளமேட்டில் முன்னால் வீடு, பின்னால் ஷெட். மெஷின்களை எங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அளவு பார்ப்பதும் பெட்டி கட்டுவதும் என் பொறுப்பு. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். வேறு ஆர்டர் கிடையாது. அந்தப் பின் நின்றால் நாங்கள் அத்தனை பேரும் நடுத்தெருவில்.

வண்டியை விட்டு இறங்கியதும் அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். கதவை ஒரு முறை மூடுவார். மறுபடி திறந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, மெதுவாக இன்னொரு முறை மூடுவார். எங்கள் பின் முனகுகிறதா என்று கேட்கிறாராம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அதை மறந்ததில்லை. கையிடுக்கில் சொந்தத் தண்ணீர் பாட்டில் இருக்கும். நடந்தால் சத்தம் வராது. வேலையில் இருந்துவிட்டு நிமிர்ந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். அளவு மேஜையில் என்னோடு உட்காரும் சரசுவுக்கு ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் பின் கீழே விழும். அவர் போன பிறகு, "ஏனுங்கக்கா, அவருக்குக் காலு இருக்குதுங்களா, பாத்தீங்களா?" என்று கேட்பாள். பார்த்தேன் என்று அடித்துச் சொல்ல எனக்கும் வராது.

எங்கள் பக்கத்தில் வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புகிற வழக்கம் இல்லை. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட ஒரு வாய் மோராவது குடிக்க வைத்துத்தான் விடுவோம். அவரிடம் மட்டும் அது பலிக்கவில்லை. சோறு வேண்டாம், காபி வேண்டாம், பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம்.

"கம்பெனி ரூலுங்க அம்மணி. வெண்டர் ஊட்டுல கை நனைக்கக் கூடாதுங்க."

"ரூலு கெடக்குதுங்க. ஆரு பாக்கறாங்க இங்க? ரெண்டு வாய் சாப்புட்டுப் போங்க."

"ஆரும் பாக்கலீன்னாலும் ரூலு ரூலுதானுங்களே."

அவர் வாய்க்குத்தான் ரூல், மூக்குக்கு இல்லை. கண்ணாடிப் பலகையில் பின்னை உருட்டி அதன் அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே, "அரிசிம்பருப்புச் சோறுங்களா இன்னைக்கு? பூண்டைத் தோலோட தட்டிப் போட்டிருக்கீங்களாட்ட இருக்குது" என்பார். இன்னொரு நாள், "பச்சப்பயறு கடையறீங்களா? சீரகம் சித்தெ எச்சாப் போயிருச்சுங்க" என்பார். எல்லாம் அப்படியே சரியாக இருக்கும். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் பின்னைக் கீழே வைத்துவிட்டு, "கொள்ளு ரசத்துக்கு இன்னும் உப்புப் போடலீங்களே" என்றார். அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு இல்லை. நீங்களே சொல்லுங்கள், உப்புக்கு வாசம் உண்டா? அன்று முழுக்க எனக்கு அந்த அடுப்படியில் தனியாக நிற்கப் பிடிக்கவில்லை.

என் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டுவிட்டுக் கைகூப்பினார். அதற்கப்புறம் பந்தி நடக்கிற கூடத்து வாசலில் போய் நின்றவர் நின்றதுதான். ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்கார்ந்து, அதுவும் எழுந்தது. இலையில் சாம்பார் விழுவதையும் ஆட்கள் பிசைவதையும் அப்படியே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாத்தனார் வந்து என் காதைக் கடித்தாள்: "பந்தியப் பாத்துட்டு நிக்கறாரே, ஆருங்கண்ணி அது? மொதல்ல அனுப்பிச்சு உடுங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்குது." நான் போய், "வாங்க, உக்காருங்க, கல்யாண ஊட்டுல என்னுங்க ரூலு" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டேன். "ஒப்புட்டுல ஏலக்காய் நல்லாத் தூக்கலா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் போளியில் ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை.

அவர் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் கம்பெனி கதையையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் சேர்ந்தபோது அதற்கு ஒரே பெயர், ஒரே ஒரு சின்னக் கார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு கார் இறக்கினார்கள். எங்கள் ஷெட்டும் இரண்டு முறை நீண்டது. வெளிநாட்டில் ஒரு கம்பெனியை வாங்கினார்கள். பெயருக்குப் பின்னால் ஒரு கோடு விழுந்து இன்னொரு பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியில் தன்னைப் போலவே பெரிதான இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தார்கள். யார் யாரை விழுங்கினார்கள் என்று பேப்பரில் படித்தும் எங்களுக்கு விளங்கவில்லை. பழைய பெயர் எல்லாம் போய் வாயில் நுழையாத ஒரு புதுப் பெயர் வந்தது. அந்த மாதம் அவர் வந்தபோது சட்டைப் பையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்திருந்தார்கள். பழைய தையலின் ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. உற்றுப் பார்த்தால் போன பெயரையும் படிக்க முடிந்தது.

இரண்டு கம்பெனி ஒன்றானால் இரண்டு கீல் பின் எதற்கு? இரண்டு ஸ்பிரிங் எதற்கு? ஒவ்வொன்றிலும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவார்கள். எதை வைப்பது என்று கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசி முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அந்த யாரோவில் எங்களுக்குத் தெரிந்த முகம் அவர் ஒருவர்தான். "எங்க பின்னு இருக்குங்களா, போகுதுங்களா?" என்று எங்கள் வீட்டுக்காரர் வாய்விட்டே கேட்டார். "தெரிஞ்சாலும் சொல்லக் கூடாதுங்க. ரூலு" என்றார் அவர்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் குனியமுத்தூரிலிருந்து பாய் போன் செய்தார். பாய் அந்தக் கம்பெனிக்கு ஸ்பிரிங் சுற்றிக் கொடுத்தவர். எங்களுக்கு உடன்பிறப்பு மாதிரி. குரலில் அத்தனை சந்தோஷம்.

"தங்கச்சி, அவரு நம்மூட்டுல சாப்பிட்டுட்டாரும்மா! நான் எப்பவும் போல ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். உடனே கை கழுவிட்டு உக்காந்துட்டாரு. மூணு தடவ பிரியாணி வாங்கிச் சாப்பிட்டாரு. தட்டுல ஒரு பருக்கை இல்ல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷமாக நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலித்ததுதான் மிச்சம், பாய் ஒரு பேச்சுக்குச் சொன்னாராம், இவர் உட்கார்ந்தாராம். "நம்மூட்டுச் சோறு அவருக்கு எறங்காது போல" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் சண்டை பிடித்தேன். மூன்றாம் வாரம் பாய்க்கு மெயில் வந்தது. ஸ்பிரிங் இனி வேண்டாம்.

அடுத்தது சென்னிமலை ரோட்டில் ரப்பர் சாமான் செய்துகொண்டிருந்தவர். அந்த வீட்டிலும் இவர் ஒரு நாள் தானாகவே உட்கார்ந்து, தயிர் கேட்டு வாங்கிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கிறார். பத்தே நாளில் அந்த வீட்டுக்கும் அதே மெயில்.

எங்கள் வீட்டுக்காரர் ராத்திரி படுத்தவர் எழுந்து உட்கார்ந்து, "ஏனம்மிணி, எனக்கு வெளங்கிப்போச்சு" என்றார். "வெண்டர் ஊட்டுலதான அவரு கை நனைக்கக் கூடாது? நம்ம பேர அங்க எடுத்துப்போட்டாங்கன்னா நாம வெண்டரே இல்லியே. அன்னைக்கு ரூலு இல்ல. அதான் உக்காந்து சாப்பிடறாரு."

இத்தனை நாள் அந்த மனுசன் எங்கள் அடுப்படியை மோந்துகொண்டு காத்திருந்தது எங்கள் பெயர் போகிற நாளுக்குத்தானா என்று நினைத்தேன்.

பாய் வேறு மாதிரி சொன்னார். "அவரால வாயத் தொறந்து சொல்ல முடியல. அதனால சாப்பிட்டுச் சொல்லிருக்காரு. நமக்குத்தான் புரியல."

"சொல்றவருக்கு வாய் இல்லீங்களா? எதுக்குங்க மூணு தடவ பிரியாணி வாங்கித் திங்கோணும்?" என்றேன்.

மிச்சம் ஐந்து பேர் இருந்தோம். எங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. முன்பெல்லாம் அதில் காலை வணக்கமும் முருகன் படமும்தான் வரும். அதற்கப்புறம், "வெள்ளை வண்டி அவிநாசி ரோட்டுல போகுதுங்க", "கணபதிப் பக்கம் திரும்பிருச்சுங்க", "எங்கூட்டுல இருந்து கெளம்பிட்டாரு, சாப்பிடலீங்க, சாமி புண்ணியம்" என்றெல்லாம் வர ஆரம்பித்தது. 'சாப்பிட்டுப் போங்க' என்று அவரைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. அவர் வருகிற நாளில் நான் அடுப்பே பற்ற வைக்கமாட்டேன். சரசுவும் மற்றவர்களும் சோற்றுத் தூக்குப் போசியை ஷெட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் ஒளித்து வைத்து, அவர் போனதும் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் அத்தனை பேரும் திருட்டுத்தனமாகச் சாப்பிடப் பழகிவிட்டோம்.

அவருக்கு அது தெரியாமல் இருக்குமா? மேஜைக்கு முன் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். இன்னொரு முறை இழுப்பார்.

"இப்பெல்லாம் வாசமே வரலீங்களே அம்மணி. சமைக்கறது இல்லீங்களா?"

"ஒடம்புக்கு முடியறதில்லீங்க. ஓட்டல்ல வாங்கிக்கறமுங்க."

"ஆமாங், எல்லா ஊட்டுலயும் இதேதான் சொல்றாங்க" என்பார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டைப் பையில் புதுப் பெயர் நெஞ்சுக்குக் கீழே தொங்கியது.

அந்தச் சனிக்கிழமை அவர் வருகிற நாளே இல்லை. குழுவில் யாரும் எச்சரிக்கவும் இல்லை. மத்தியானம் ஒரு மணி தாண்டியிருக்கும். அரிசிம்பருப்புக்குக் குக்கர் வைத்திருந்தேன். வீட்டு முன்வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் அவர். எப்போதும் ஷெட் பக்கக் கேட்டில்தான் வருவார். வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் முறை. வண்டி இல்லை. கையில் பாட்டில் இல்லை. சட்டைப் பையில் பெயரும் இல்லை. இத்தனையையும் நான் பார்த்தேன். எதையும் யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மணி, இன்னைக்கு உங்கூட்டுல சாப்பிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

பதினான்கு பேர் முகமும் கண்ணுக்கு முன் வந்து போனது. சரசு மகளுக்கு அந்த வருஷம்தான் காலேஜில் இடம் கிடைத்திருந்தது.

"சமைக்கலீங்க" என்றேன்.

எனக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. பூண்டு வாசம் வாசல் வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது விசிலும் அடித்தது.

"செரிங்க" என்றார். "குடிக்கத் தண்ணியாச்சும் குடுங்க."

தண்ணீர் கொடுத்தாலும் கை நனைத்த கணக்கில் சேருமோ, யார் கண்டது? "கொழாயில சிறுவாணித் தண்ணி வந்து நாலு நாள் ஆச்சுங்க. ஊட்டுல சொட்டுத் தண்ணி இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது அது. வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்ற ஒரு மனுசனுக்குத் தண்ணீர் இல்லை என்றேன். அவர் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "வாரேனுங்க அம்மணி" என்று கைகூப்பிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அதற்கப்புறம் மெயிலுக்காகக் காத்திருந்தோம். போன் கிணுக்கென்றால் எங்கள் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வருவார். அடுத்த வாரம் வந்தே விட்டது. பார்த்தால், எங்கள் பின் நிற்கவில்லை. அந்தக் கம்பெனிக் காருக்கும் இந்தக் கம்பெனிக் காருக்கும் சேர்த்து இனி எங்கள் பின்தானாம். முதல் சரக்கு அனுப்ப வேண்டும், அது தேறிவிட்டால் இரண்டு மடங்கு ஆர்டர். எங்கள் வீட்டுக்காரர் ஷெட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்தார். சரசு அழுதேவிட்டாள். மெயிலின் அடியில் ஒப்புதல் தாள் இருந்தது. அதில் அவர் கையெழுத்தும் தேதியும் இருந்தன. அவர் எங்கள் வாசலுக்கு வந்த சனிக்கிழமைக்கு முந்தின நாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது.

"மேடம், அவர் இப்ப நம்மகிட்ட இல்ல. மெர்ஜர்ல அந்த டிபார்ட்மெண்டையே எடுத்துட்டாங்க. இனிமே கேமரா வழியா ஆடிட். போன வெள்ளிக்கிழமைதான் அவருக்குக் கடைசி நாள்."

போனை வைத்துவிட்டுக் குழுவில் கேட்டேன்: 'சனிக்கிழமை அவரு ஆரூட்டுக்காச்சும் வந்தாருங்களா?' பதில் ஒவ்வொன்றாக வந்தது. 'பன்னண்டு மணிக்கு எங்கூட்டுக்கு வந்தாருங்க. சாப்பாடு ஆகலீன்னு சொல்லிப்போட்டோம்.' 'இங்கயும் வந்தாருங்க. நாங்க கதவே தொறக்கலீங்க.' 'எங்கூட்டுல தீட்டுன்னு சொல்லிப்போட்டேனுங்க.' 'ரெண்டரைக்கு வந்தாரு. நாங்க அப்பத்தான் சாப்பிட்டுக் கை கழுவுனமுங்க. இல்லீன்னுட்டமுங்க.' ஐந்து வீடு. ஐந்து வீட்டு ஆர்டரும் நிற்காமல் தொடர்ந்தது, ஐவரும் தப்பித்திருந்தோம். வேலை போன மனுசன், ரூல் இல்லாத முதல் நாளில், ஐந்து வீட்டிலும் சோறு கேட்டிருக்கிறார். இந்தக் கொங்கு நாட்டில் ஒரு வீட்டில்கூட அவருக்கு இலை விழவில்லை.

மனசு கேட்கவில்லை. அவர் போன் அணைந்து கிடந்தது. சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கம் வீடு என்று பாயிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். பாயும் அவர் வீட்டம்மாவும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் வண்டியிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்காரர் வரவில்லை. முதல் சரக்கு சோதனையில் இருந்தது, திங்கட்கிழமை முடிவு தெரியும், ஷெட்டை விட்டு அவர் நகரவில்லை. "போயி மன்னிப்புக் கேட்டுப்போட்டு வந்துரு அம்மிணி" என்று சொல்லி அனுப்பினார்.

டீக்கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் வருவதாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறங்கிய நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து அரிசிம்பருப்பு வாசம். பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டது. சாட்சாத் என் அடுப்படி வாசம். அதற்குள்ளேயே பாயின் வீட்டம்மா என் கையைப் பிடித்து, "நம்மூட்டு நெய்ச்சோறு வாசம் வருது தங்கச்சி" என்றார்.

"வாங்க, வாங்க. சாப்பிட்டுத்தான் போகோணும்" என்றார் அவர்.

கூடத்தில் தரையில் வரிசையாக ஏழு இலை போட்டிருந்தது. ஏழிலும் தண்ணீர் தெளித்திருந்தது. எந்த இலைக்கு முன்னாலும் ஆள் இல்லை. அவருக்கு மனைவி தவறி ரொம்ப வருஷம் ஆகிறதாம், பிள்ளைகள் இல்லை, வீட்டில் அவர் ஒருவர்தான்.

"ஆருக்குங்க இத்தன இலை?" என்றார் பாய்.

"உங்க ஏழு ஊட்டுக்குத்தானுங்க. வேலை போனதுல இருந்து தெனமும் போட்டு வெக்கறேன். ஒவ்வொரு ஊட்டுலயும் மோந்த வாசத்த வெச்சே சமைச்சுப் பழகிட்டேனுங்க. கை நனைக்கக் கூடாதுன்னுதான ரூலு, கத்துக்கக் கூடாதுன்னு இல்லீங்களே." சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு சோறு இருந்துச்சுங்க. தண்ணியும் இருந்துச்சு. நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க. என்னைய மன்னிச்சுக்கோணும்."

"தெரியுமுங்க அம்மணி. குக்கரு ரெண்டு சத்தம் போட்டுச்சுங்களே. உங்க பின்னு நிக்கலீன்னு சொல்லத்தான் வந்தேன். ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுச் சொல்லலாம்னு இருந்தேனுங்க. அவ்வளவுதான். உக்காருங்க."

முதலில் சொல்லிவிட்டுச் சாப்பாடு கேட்டிருந்தால் தலைவாழை இலை போட்டிருப்பேனே! அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். எனக்கென்று ஓர் இலையைக் காட்டினார். அதில் அரிசிம்பருப்பு வைத்து, நெய் விட்டு, பக்கத்தில் தயிர் வைத்தார். பாய்க்கும் அவர் வீட்டம்மாவுக்கும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டை வைத்தார். பாய் பிஸ்மி சொல்லி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மாஷா அல்லாஹ், அப்படியே எங்கூட்டுக்காரி கைப்பக்குவம்" என்றார். பாய்க்கு என்ன, போக வேண்டியது எல்லாம் எப்போதோ போய்விட்டது. இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

நான் பிசைந்துகொண்டே இருந்தேன். சரக்கு சோதனையில் இருக்கிறது என்று நினைத்தேன். நாளைக்குத் திங்கட்கிழமை. இந்த மனுசன் சாப்பிட்ட இரண்டு வீடும் படுத்துவிட்டன. அவர் சாப்பிட்டதால் படுக்கவில்லை, படுத்ததால் சாப்பிட்டார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இப்போது அவருக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? கவளம் உருட்டினேன், கை வாய்ப்பக்கம் போகவில்லை. என் வீட்டுச் சோற்றின் வாசம் முகத்தில் அடித்தது. எதிரில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்யாணப் பந்தியைப் பார்த்த அதே கண்ணால் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பசிக்கலீங்க" என்றேன்.

அவர் மெதுவாக, வருத்தப்படுகிற குரலில் கேட்டார்: "உங்குளுக்கும் ரூலாயிப்போச்சுங்களா அம்மணி?"

கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன். அவரே என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை முதல் சரக்கு தேறிவிட்டது. இன்று எங்கள் ஷெட்டில் மூன்று புது மெஷின் ஓடுகிறது. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மேஜைக்கு மேல் கம்பெனி ஒரு கேமராவை மாட்டியிருக்கிறது. பாயும் அவர் வீட்டம்மாவும் மாதம் ஒரு முறை சத்தியமங்கலம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். "உன் இலைய இன்னும் போட்டுத்தான் வெக்கிறாரு தங்கச்சி, ஒரு தடவ வாயேன்" என்று பாய் கூப்பிடுகிறார். நான் போகவில்லை. மாதாமாதம் ஆர்டர் வந்ததும், அன்றைக்கு நீ சாப்பிடாமல் எழுந்தாயே, அதனால்தான் இது ஓடுகிறது என்று உள்ளே ஒன்று சொல்கிறது. அதையெல்லாம் நான் நம்பவில்லை என்று காட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் பார்க்கிறேன், நம்பத்தான் நம்புகிறேன்.